ஸ்ப்ரிகட்டிட்டோவா, ஃப்யூகோகோவா? முதல் போக்கிமானை எப்படித் தேர்ந்தெடுப்பது

கேள்வி இது: "முதன்முறையாகப் போக்கிமான் ஆடப்போகிறேன். ஸ்கார்லெட் வாங்கியிருக்கிறேன். மூன்றில் ஒன்றை எடுக்கச் சொல்லும் இடத்தில் வந்து நிற்கிறேன். அந்தப் பச்சைப் பூனை, புல் வகை ஸ்ப்ரிகட்டிட்டோ, பார்த்ததுமே பிடித்துவிட்டது. ஆனால் ஏற்கெனவே ஆடி முடித்த நண்பன், நெருப்பு வகை ஃப்யூகோகோவை எடு, இல்லாவிட்டால் கஷ்டப்படுவாய் என்கிறான். தப்பாக எடுத்துவிட்டால் பாதியில் மாட்டிக்கொள்வேனா?"

ஸ்ப்ரிகட்டிட்டோவையே எடுங்கள். மாட்டிக்கொள்ள மாட்டீர்கள்.

உங்கள் நண்பர் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதையும் பிறகு சொல்கிறேன். ஆனால் அவர் பதில் சொல்லும் கேள்வி வேறு. "முதல் சில மணி நேரம் எதை வைத்து ஆடினால் சுலபம்?" என்ற கேள்விக்கு ஃப்யூகோகோ சரியான பதில். நீங்கள் கேட்க வேண்டியது, "இந்த ஆட்டத்தில் எதை எடுக்காமல் விட்டால் அந்த இடத்தைப் பிறகு நிரப்புவது கடினம்?" என்பது. ஸ்டார்ட்டர், அதாவது முதல் போக்கிமான், தனியாக நின்று ஆட்டத்தை முடித்துத் தரும் வீரன் இல்லை. ஆறு பேர் கொண்ட அணியில் ஓர் இடம், அவ்வளவுதான். மீதி ஐந்து இடங்களுக்கு வழியில் யார் யார் கிடைப்பார்கள் என்று தெரிந்தால்தான் அந்த முதல் இடத்தில் யார் நின்றால் நல்லது என்று சொல்ல முடியும். அது ஒவ்வொரு ஆட்டத்திலும் மாறும்.

அடிப்படையை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். நீர் நெருப்பை வெல்லும், நெருப்பு புல்லை வெல்லும், புல் நீரை வெல்லும். எதிரியின் பலவீனத்தில் அடித்தால் சேதம் இரண்டு மடங்கு. அவர் தாங்கும் வகையில் அடித்தால் பாதி. எதிரிக்கு இரண்டு வகைகள் இருந்து இரண்டுமே பலவீனமாக அமைந்தால் நான்கு மடங்கு. தாக்குதலின் வகையும் தாக்கும் போக்கிமானின் வகையும் ஒன்றாக இருந்தால் அதற்குத் தனியாக ஒன்றரை மடங்கு. மொத்தம் 18 வகைகள் இருந்தாலும் முதல் நாளுக்கு இவ்வளவு போதும்.

1996-இல் ஜப்பானில் வந்த முதல் ஆட்டத்திலிருந்தே இந்தத் தேர்வு இருக்கிறது: புல்பசோர், சார்மாண்டர், ஸ்குவர்ட்டில். இன்றுவரை நடக்கும் "எது சிறந்தது" விவாதத்துக்கெல்லாம் வேர் அங்கேதான். வழியில் வென்று கடக்க வேண்டிய சண்டைக்கூடங்கள்தான் ஜிம்கள். முதல் ஜிம்மின் தலைவர், அதாவது ஜிம் லீடர், ப்ராக், லெவல் 12 ஜியோட்யூடும் லெவல் 14 ஓனிக்ஸும் வைத்திருப்பார். இரண்டுமே பாறையும் மண்ணும் கலந்த வகை. நீரும் புல்லும் அவற்றை நான்கு மடங்கு தாக்கும். நெருப்பைப் பாறை பாதியாக்கிவிடும். ஆகவே சார்மாண்டர் எடுத்தால் கஷ்டம், புல்பசோர் எடுத்தால் சுலபம் என்ற பேச்சு பிறந்தது.

நான் அந்த ஆட்டத்தின் ரெட் பதிப்பை ஆடியபோது சார்மாண்டரைத்தான் எடுத்தேன். ப்ராக்கிடம் இரண்டு முறை தோற்றேன். மூன்றாவது முறை ஜெயித்தது லெவலை ஏற்றியதால் இல்லை. கீறுவதை நிறுத்திவிட்டு நெருப்பை உமிழ வைத்ததால். ஓனிக்ஸின் சாதாரணப் பாதுகாப்பு எண் 160, மலை மாதிரி. ஆனால் அந்த ஆட்டத்தில் நெருப்பு, நீர் போன்ற தாக்குதல்களைத் தாங்கும் 'ஸ்பெஷல்' எண் வெறும் 30, உயிர் எண் 35. சார்மாண்டர் லெவல் 9-இல் கற்கும் 'எம்பர்' பாதியாகக் குறைந்தாலும், அது போய் விழுவது 160-இன் மேல் இல்லை, 30-இன் மேல். அதோடு சொந்த வகைக்கான ஒன்றரை மடங்கும் சேரும். வகை அட்டவணையில் "பலனில்லை" என்று எழுதியிருக்கும் தாக்குதல், "சாதாரணம்" என்று எழுதியிருக்கும் இன்னொன்றைவிட நன்றாகவே வேலை செய்யலாம் என்று எனக்கு அங்கேதான் புரிந்தது. எந்த எண்ணின் மேல் அடி விழுகிறது என்று பாருங்கள். இதைப் பழகிவிட்டால் எந்த ஸ்டார்ட்டரோடும் எந்த ஜிம்மையும் தாண்டலாம்.

அது பிடிக்கவில்லையென்றால் வேறு வழியும் அங்கேயே இருந்தது. ப்ராக்கிடம் போகும் முன் கடக்கும் விரிடியன் காட்டில் கேட்டர்பீ என்ற புழுவைப் பிடிக்கலாம். லெவல் 7-இல் கூட்டுப்புழு, லெவல் 10-இல் பட்டாம்பூச்சி. ரெட்டிலும் அதன் ஜோடிப் பதிப்பான ப்ளூவிலும் லெவல் 12-இல் 'கன்ஃபியூஷன்' கற்கும். அதுவும் அந்த 30-இன் மேல்தான் விழும். ஆட்டத்தை வடிவமைத்தவர்கள் கதவைப் பூட்டும்போது சாவியையும் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள் என்பதற்கு இது எனக்குப் பிடித்த உதாரணம்.

அந்த ஆட்டம் நடக்கும் கான்டோ பகுதியில் என்னுடைய கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: எதை விட்டால் நிரப்புவது கடினம்? தூண்டில் கையில் கிடைத்ததும் நீர் வகைகள் கொட்டும். புல்லுக்கு, ரெட்டில் ஆடிஷும் ப்ளூவில் பெல்ஸ்ப்ரௌட்டும் இரண்டாவது ஜிம்முக்குப் பக்கத்திலேயே கிடைக்கும். நெருப்புதான் அரிது. ரெட்டில் க்ரோலித், ப்ளூவில் வல்பிக்ஸ் தவிர, மற்றவை கிட்டத்தட்ட எல்லாமே பின்பாதியில். ஆக, முதல் ஜிம்மில் கஷ்டப்படுத்தும் சார்மாண்டர்தான் முழு ஆட்டத்துக்கும் பார்த்தால் மாற்று கிடைக்காத ஆள். புல்பசோர் எடுத்தவர்கள் ப்ராக், இரண்டாவது ஜிம்மின் நீர் வகை மிஸ்டி இருவரையும் ஓடிக்கொண்டே கடந்துவிடுவார்கள். பிறகு ஒரு நல்ல நெருப்புக்காகத் தேடி அலைவார்கள். இரண்டில் எது "சுலபம்" என்பது எந்த மணி நேரத்தில் நின்று கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

இந்தக் கேள்வி உண்மையிலேயே பெரிய வித்தியாசம் செய்யும் இரண்டு ஆட்டங்கள் இருக்கின்றன. ஒன்று, 1999-இல் வந்த கோல்ட், சில்வர். அங்கே புல் வகை சிக்கோரிட்டா. முதல் ஜிம் பறக்கும் வகை, இரண்டாவது பூச்சி, நான்காவது பேய். அந்தப் பேய்கள் எல்லாமே விஷமும் கலந்தவை. புல்லுக்கு வாகாக ஒன்றும் வராது. இடையில் வரும் ராக்கெட் கும்பலும் விஷ வகைகளோடுதான் வரும். மூன்றாவது ஜிம் சாதாரண வகை. ஆனால் அங்கே விட்னியின் மில்டாங்க் காத்திருக்கும். 'ரோலௌட்' என்ற அதன் பாறைத் தாக்குதல் ஒவ்வொரு முறை படும்போதும் இரட்டிப்பாகும். அதைவிட வயிற்றெரிச்சல் 'அட்ராக்ட்': எதிர்பாலினப் போக்கிமானை மயக்கிப் பாதி நேரம் அடிக்கவிடாமல் செய்யும். மில்டாங்க் பெண். ஸ்டார்ட்டர்கள் எட்டில் ஏழு ஆண். எந்த ஸ்டார்ட்டரை எடுத்திருந்தாலும் அந்த ஜிம்மில் பலரும் அழுதது இதனால்தான்.

ஆனால் அதே கோல்டன்ராட் நகரத்து டிபார்ட்மென்ட் ஸ்டோருக்குள் ஒருவர் நிற்பார். கோல்டிலும் சில்வரிலும், ஒரு ட்ரௌசியைக் கொடுத்தால் மாச்சாப் தருவார். மாச்சாப் சண்டை வகை, சாதாரண வகைக்கு இரண்டு மடங்கு. அந்த மாச்சாப் பெண்ணும்கூட. ஊருக்குள்ளேயே மருந்து வைத்திருக்கிறார்கள். கடைக்காரர்களிடமும் தெருவில் நிற்பவர்களிடமும் நின்று பேசினால்தான் கிடைக்கும். அவசரமாக ஜிம்முக்குள் ஓடியவர்களுக்கு அது தெரியாமலே போயிற்று. சிக்கோரிட்டாவைக் குறை சொல்பவர்களில் பெரும்பாலோர் அந்தக் கடைக்குள் நுழைந்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

இன்னொன்று 2006-இன் டயமண்ட், பேர்ல். அங்கே நெருப்புப் பஞ்சம். ஆட்டம் நடக்கும் சின்னோ பகுதியின் பட்டியலில் நெருப்பு ஸ்டார்ட்டர் சிம்சார் குடும்பத்தை விட்டால் நெருப்பு என்று இருப்பது போனிட்டா குடும்பம் ஒன்றுதான். பஞ்சம் எந்த அளவுக்கு என்றால், இறுதியில் வரும் எலைட் ஃபோரில் நெருப்பு நிபுணர் ஃப்ளின்ட்டிடமே ஐந்தில் இரண்டுதான் நெருப்பு. மீதி இடத்தை ஸ்டீலிக்ஸ், ட்ரிஃப்ப்ளிம், லாப்பனி என்று நிரப்பியிருப்பார்கள். நெருப்பு வேண்டும், போனிட்டா பிடிக்காது என்றால் சிம்சாரைத் தவிர வேறு வழியே கிடையாது. 2008-இல் வந்த பிளாட்டினத்தில்தான் இதைச் சரிசெய்தார்கள். நான் இந்தத் தொடரில் "கட்டாயம் இதை எடுங்கள்" என்று யாருக்காவது சொல்வேன் என்றால் அது இந்த ஒரு ஜோடி ஆட்டத்துக்கு மட்டும்தான். அதிலும் மற்ற இரண்டு ஸ்டார்ட்டர்களான டர்ட்விக்கையோ பிப்லப்பையோ ஆசைப்பட்டு எடுப்பவரைத் தடுக்க மாட்டேன்.

ரூபி, சஃபையரில் எல்லோரும் நீர் ஸ்டார்ட்டர் மட்கிப்பைச் சொல்வார்கள். காரணம் உண்டு: லெவல் 16-இல் நீரும் மண்ணுமாக மாறிவிட்டால் மின்சாரம் அதைத் தொடாது, புல் ஒன்றுதான் அதன் பலவீனம். ஆனால் அந்த ஆட்டம் நடக்கும் ஹோயென்னில் பாதி நிலப்பரப்பு கடல். நீர் வகைக்கு அங்கே பஞ்சமே இல்லை. நெருப்பு ஸ்டார்ட்டர் டார்ச்சிக் எடுத்தால் முதல் பாறை ஜிம் முட்டும் என்பார்கள். லெவல் 16 வரை பொறுத்து, உருமாறிய கையோடு அது கற்கும், பாறையை உடைக்கும் சண்டை வகை 'டபுள் கிக்'கோடு உள்ளே போனால் முட்டுவது ஜிம்முக்குத்தான். 2010-இன் ப்ளாக், ஒயிட்டிலோ இந்த வாதமே செல்லாது: நீங்கள் எதை எடுத்தாலும் அதை வெல்லும் வகையோடுதான் முதல் ஜிம் லீடர் வருவார். அவரை வெல்லும் வகைக் குரங்கு ஒன்றை உங்களுக்குப் பரிசாகவும் கொடுத்துவிடுவார்கள். ஸ்டார்ட்டரை மட்டும் நம்பாதே, கூட ஒரு ஆளைச் சேர் என்று ஆட்டமே வாய்விட்டுச் சொல்வது போல.

உங்கள் நண்பர் பயமுறுத்தியதற்குப் பழைய ஆட்டங்களின் நினைவும் காரணமாக இருக்கலாம். அவற்றில் உங்கள் போட்டியாளன் நீங்கள் எடுத்ததை வெல்லும் ஸ்டார்ட்டரைத் தேடி எடுப்பான். கடைசிவரை அதோடு வந்து இம்சிப்பான். ஸ்கார்லெட்டில் அப்படி இல்லை. அதில் போட்டியாளராக வரும் நெமோனா உங்களுடையதிடம் தோற்கும் வகையைத்தான் எடுத்துக்கொள்வாள். நீங்கள் ஸ்ப்ரிகட்டிட்டோ எடுத்தால் அவளிடம் நீர் வாத்து குவாக்ஸ்லி.

இனி, தேர்வைவிட முக்கியமான விஷயம். "தப்பான ஸ்டார்ட்டர் எடுத்துவிட்டேன்" என்று வருபவர்களிடம் அணியைக் காட்டச் சொல்வேன். பத்தில் ஒன்பது தடவை ஒரே காட்சிதான்: ஸ்டார்ட்டர் லெவல் 40, மற்ற ஐந்தும் 18, 20. எல்லாச் சண்டையையும் அதை வைத்தே முடித்திருப்பார்கள். அதற்கு எதிரான வகை வந்து நிற்கும்போது பின்னால் யாருமே இருக்க மாட்டார்கள். பழைய ஆட்டங்களில் சண்டையில் இறங்கியவருக்குத்தான் அனுபவப் புள்ளி. அதனால் இந்தப் பள்ளத்தில் விழுவது சுலபம். சோர்ட், ஷீல்டிலிருந்து அணி முழுவதற்கும் புள்ளி போய்ச்சேரும், ஸ்கார்லெட்டிலும் அப்படியே. அதனால் நீங்கள் பாதி தப்பித்தீர்கள். மீதிப் பாதி உங்கள் கையில்: ஒவ்வொரு ஊருக்கும் வேறு வேறு ஆளை முன்னால் நிறுத்திப் பழகுங்கள். தாக்குதல்களைத் தேர்ந்தெடுக்கவும், யார் எதைத் தாங்குவார் என்று தெரிந்துகொள்ளவும் அது ஒன்றே வழி.

நேச்சர் பற்றியும் யாராவது உங்களைக் குழப்புவார்கள். ஒவ்வொரு போக்கிமானுக்கும் 25 நேச்சர்களில் ஒன்று இருக்கும். அவற்றில் 20, ஒரு திறனைப் பத்து சதவீதம் கூட்டி இன்னொன்றைப் பத்து சதவீதம் குறைக்கும். ஐந்து எதுவுமே செய்யாது. பிறப்பிலேயே வரும் மறைவான எண்களும் உண்டு, ஒவ்வொரு திறனுக்கும் 0 முதல் 31 வரை. இவற்றுக்காகத் தொடக்கத்தை மறுபடி மறுபடி ஆடி நல்லது வரும்வரை காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். கதையை ஆடி முடிக்க இதில் எதுவுமே தேவையில்லை. பிறகு போட்டிகளில் ஆடும் ஆசை வந்தால், நேச்சரின் விளைவை மாற்றும் 'மின்ட்' இருக்கிறது. மறைவான எண்களை உயர்த்தும் பயிற்சியை லெவல் 50-இலிருந்து கொடுக்கலாம். முதல் இரவை அதற்குச் செலவழிக்காதீர்கள்.

ஆனால் ஒன்றை இப்போதே பார்த்துவிடுங்கள்: உங்கள் ஸ்டார்ட்டர் கடைசியில் என்னவாக மாறும் என்பதை. "முன்கூட்டியே பார்த்தால் சுவாரசியம் போய்விடும்" என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குட்டி வடிவத்தோடு நீங்கள் இருப்பது சில மணி நேரம். லெவல் 36-க்குப் பிறகு ஆட்டத்தின் எஞ்சிய பகுதி முழுவதும் அந்தக் கடைசி வடிவத்தோடுதான். ஸ்ப்ரிகட்டிட்டோ நான்கு கால் பூனை. லெவல் 16-இல் ஃப்ளோரகாட்டோவாகி இரண்டு காலில் எழுந்து நிற்கும். 36-இல் மியாவ்ஸ்கராடா, முகமூடி போட்ட மாயாஜாலக்காரர் தோற்றம். நான்கு காலில் நடக்கும் பூனைக்காகவே எடுத்தவர்கள் அந்த இடத்தில் மனம் வாடியதைப் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டும் பிடித்திருந்தால் தயங்காதீர்கள். குட்டி மட்டும்தான் பிடிக்கும் என்றால், உருமாறும்போது பி பட்டனை அழுத்தித் தடுக்கலாம்; அப்படியே வைத்தும் ஆடலாம், கொஞ்சம் கடினம் அவ்வளவுதான்.

மூன்றின் கடைசி வடிவத்துக்கும் தனக்கென்று ஒரு தாக்குதல் உண்டு. ஃப்யூகோகோ ஸ்கெலடர்ஜாகி நெருப்பும் பேயுமாகும். அதன் 'டார்ச் சாங்' ஒவ்வொரு முறை பாடும்போதும் அடுத்த அடியின் பலத்தைக் கூட்டும். குவாக்ஸ்லி குவாக்வாவலாகி நீரும் சண்டையுமாகும். 'அக்வா ஸ்டெப்' ஒவ்வொரு முறையும் வேகத்தைக் கூட்டும். மியாவ்ஸ்கராடா புல்லும் இருளும். அதன் 'ஃப்ளவர் ட்ரிக்' தவறவே தவறாது. ஒவ்வொரு முறையும் கிரிட்டிகல் அடியாகவே, அதாவது கூடுதல் பலத்தோடு, விழும். அதன் வேகத்துக்கு முன்னால் பெரும்பாலான எதிரிகள் வாய் திறக்கும் முன்பே சண்டை முடிந்துவிடும். அடி வாங்கும் உடம்பு மட்டும் கிடையாது. பூச்சி வகை அதற்கு நான்கு மடங்கு என்பதை மறக்காதீர்கள்.

இப்போது உங்கள் நண்பரின் வாதத்துக்கு வருகிறேன். ஸ்கார்லெட் நடக்கும் பால்டியாவில் எந்த ஜிம்முக்கும் முதலில் போகலாம். ஆனால் எதிரிகளின் லெவல் உங்களுக்கேற்ப மாறாது. ஆகவே லெவல் குறைந்ததிலிருந்து போவதுதான் புத்திசாலித்தனம். அந்த வரிசையில் முதலாவது கார்டோண்டோவின் கேட்டி, பூச்சி. இரண்டாவது ஆர்ட்டசோனின் ப்ராசியஸ், புல். நெருப்பு இரண்டையும் பொசுக்கும். புல் ஒன்றில் அடி வாங்கும், மற்றதில் பாதி சேதம்தான் கொடுக்கும். "ஃப்யூகோகோ சுலபம்" என்பதன் முழு உள்ளடக்கமும் இந்த இரண்டு ஜிம்தான்.

மாற்று ஆள் கிடைக்கிறாரா என்றால், தாராளமாக. பால்டியாவின் பட்டியலில் 400 போக்கிமான்கள். புல், நெருப்பு, நீர் எதற்குமே பஞ்சமில்லை. உங்களுக்கு வேண்டியது ஃப்ளெட்ச்லிங் என்ற சின்னச் சிவப்புத் தலைக் குருவி. வீட்டைத் தாண்டிய கொஞ்ச தூரத்திலேயே கிடைக்கும். பறக்கும் வகைத் தாக்குதல் பூச்சிக்கும் இரண்டு மடங்கு, புல்லுக்கும் இரண்டு மடங்கு. லெவல் 17-இல் உருமாறும்போது அதுவே நெருப்பும் பறக்கும் வகையுமாகிவிடும். முதல் இரண்டு ஜிம்மையும் அந்தக் குருவியை முன்னால் நிறுத்தி முடித்துவிடலாம். ப்ராசியஸின் கடைசி ஆள் சூடோவூடோவிடம் மட்டும் கவனம். அது பாறைத் தாக்குதல் வைத்திருக்கும். நெருப்பாகிவிட்ட குருவிக்கு அது நான்கு மடங்கு. உயிர் குறைந்திருந்தால் அப்போது வெளியே எடுத்துவிடுங்கள்.

அதற்குப் பிறகு உங்கள் பூனையின் காலம் தொடங்கும். வழியில் எதிர்ப்படும் ராட்சதப் பாறை நண்டு க்ளாஃப் புல்லுக்கு முன்னால் நிற்காது. லெவின்சியாவின் அயோனோ மின்சாரம். புல் அதைப் பாதியாகத் தாங்கும். காஸ்கராஃபாவின் கோஃபு நீர், சொல்லவே வேண்டாம். மெடாலியின் லாரி சாதாரண வகை, இரு பக்கமும் சமம். அடுத்த இரண்டு ஜிம்களும், மோன்டெனெவேராவின் பேய்களும் ஆல்ஃபொர்னாடாவின் சைக்கிக் (மனோசக்தி) வகைகளும், லெவல் 40-ஐத் தாண்டியவை. அதற்குச் சற்று முன்புதான், 36-இல், உங்கள் பூனைக்கு இருள் வகை வந்து சேர்ந்திருக்கும். பேயும் சைக்கிக்கும் இருளிடம் இரண்டு மடங்கு அடி வாங்குபவை. வரிசைக்கென்றே அளந்து செய்தது போல வந்து பொருந்தும்.

மிச்சம் எட்டாவது ஜிம், க்ளாசியாடோ பனிமலை மேல் இருக்கும் க்ரூஷா. பனி புல்லை இரண்டு மடங்கு தாக்கும். பூனையைப் பின்னால் உட்காரவையுங்கள். முதல் நாள் வீட்டுப் பக்கத்தில் பிடித்த அந்தக் குருவி லெவல் 35-இலேயே டாலன்ஃப்ளேமாகியிருக்கும். க்ரூஷாவின் ஃப்ராஸ்மாத் பனியும் பூச்சியும் கலந்தது, நெருப்புக்கு நான்கு மடங்கு.